மூன்று படி இறக்கி

ஜனவரி 18, வியாழன்

கஸ்பார் இன்று பிற்பகல் 3.10 மணிக்கு இறந்தார். நான் அருகில் இருந்தேன்.

ஜனவரி 20, சனி

அடக்கம் முடிந்தது. பூசையில் பாடற்குழு இரண்டு இடத்தில் தாளம் பிசகியது. வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தாயிற்று. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எதை எதிர்பார்த்தார்களோ அது வரவில்லை.

மருத்துவமனைக்கு முதலில் வந்தவள் எங்கள் குழுவில் பாடும் பிரகாசி. இன்றும் கடைசியாகப் போனவள் அவள்தான். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். கவிழ்த்த வரிசை சரியில்லை. மாற்றி வைத்தேன்.

பிப்ரவரி 17, சனி

முப்பதாம் நாள் பூசை. கல்லறைக் கல் செதுக்கும் ஞானராஜ் வாசலில் காத்திருந்தான்.

"அம்மா, எழுத்து எழுதிக் குடுத்தியன்னா ஈஸ்டருக்குள்ள கல்ல நட்டிரலாம்."

என் கணவரின் மோத்தா குடும்பத்துக் கல்லறைகளில் தேதியோடு மணியும் இருக்கும். மாமனார் கல்லில் காலை 5.40. மாமியார் கல்லில் இரவு 9.15. வேறு யார் குடும்பத்திலும் இந்தக் கண்டிப்பு கிடையாது. எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மார்ச் 9, சனி

கொண்டல் மறுபடி கூடியது. நாற்பது வருடங்களுக்கு முன், நான் படித்து, பிறகு இசை கற்பித்த கான்வென்டின் பழைய மாணவியர் விழாவுக்காக நான் சேர்த்த குழு. கொண்டல் என்பது இங்கே கடலிலிருந்து வீசும் கீழைக்காற்று. அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான். மின்சாரத்தில் ஓடும் எந்த வாத்தியமும் எங்களிடம் இல்லை. கரைப் பாட்டும் கப்பல் பாட்டும் நாட்டுப்புறக் கிறிஸ்துமஸ் பாட்டும் பாடுவோம். இப்போது நான்கு பேர். நான் மாண்டலின். பிரகாசி குரல். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற சுந்தரவல்லி கிடார். வயலினும் இசை அமைப்பும் வதனி. அவளுக்கு இருபத்தேழு வயது, நகத்தில் கறுப்புப் பூச்சு.

நான்காவது ஆல்பத்தை இந்த வருடம் கொண்டுவருவதாக கஸ்பார் இருக்கும்போதே முடிவு செய்திருந்தோம். தள்ளிப்போடலாமா என்று சுந்தரவல்லி கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். கிடாரை உறையிலிருந்து எடுத்தாள்.

ஒரு மணி நேரம் வாசித்தேன். புதுக் கம்பிகள் மோசம். தொட்டால் தொட்ட மாதிரியே இல்லை. இடைவேளையில் நான் கேட்காமலேயே பிரகாசி என் மாண்டலினை எடுத்து முந்தானையால் விரல் பலகையைத் துடைத்தாள். என் கையையும் பிடித்துத் துடைக்க வந்தாள். விலக்கிக்கொண்டேன். அடுத்தவர் வாத்தியத்தைத் தொடக் கூடாது என்பது கான்வென்டின் இலவசப் பிரிவில் படித்தவர்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை போலும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மோதிர விரல் நுனியில் வெட்டு. எங்கே பட்டது என்று தெரியவில்லை.

மார்ச் 16, சனி

பிரகாசி இன்று ஒரு செய்தியோடு வந்தாள்.

"எக்கா, தொண்டை முன்ன மாதிரி இல்ல. மேல போனா பிடிக்குது. எல்லாப் பாட்டையும் மூணு படி இறக்கிக்கிடலாமா?"

"டாக்டரிடம் காட்டினாயா?"

"காட்டினேன். வயசுதான்னு சொல்லிட்டாரு."

அறுபத்தொரு வயது ஒரு வயதா? எனக்கு எழுபத்து மூன்று. குரல் என்பது பேணுவதைப் பொறுத்தது. ஐஸ் மோர், தையல் கடையில் நாள் முழுதும் ஊர்வம்பு, இரவு பழங்கறி. இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மூன்று படி இறக்கினால் எல்லா வாத்தியத்தின் கம்பியையும் தளர்த்த வேண்டும். நாற்பது வருடமாக 'ஏ' சுருதியில் நின்ற குழு. தளர்த்தினோம். ஒருத்திக்காக நான்கு பேர் இறங்குவது. சரி.

கம்பி தளர்ந்தபின் அழுத்துவதற்கு அதிகப் பலம் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒன்றுதான் லாபம்.

ஏப்ரல் 3, புதன்

உயிர்த்த ஞாயிறு போயிற்று. இடது உள்ளங்கையின் ஓரத்தில் கொப்புளம். டிகாஷன் பாத்திரமாக இருக்கலாம்.

ஏப்ரல் 11, வியாழன்

பிரகாசியிடம் தைக்கக் கொடுத்த மூன்று ரவிக்கைகள் நேற்று வந்தன. கொக்கிகள் எல்லாம் பெரிது, பள்ளிப் பிள்ளைகளின் பாவாடைக் கொக்கி அளவுக்கு.

"இதென்ன அலங்கோலம்?"

"சின்னது கடையில ஸ்டாக் இல்லக்கா. எறா போட்டுத் தேடியாச்சு."

"இறால் போட்டு மீன்தான் பிடிப்பார்கள். கொக்கி தேட மாட்டார்கள்."

"நீங்க பிடிச்சாலும் பிடிப்பிய" என்று சிரித்தாள். பழைய ரவிக்கைகளையே உடுத்துவது என்று முடிவு செய்தேன். இன்று காலை புதியதைத்தான் உடுத்தினேன். நேரமாகிவிட்டது.

மே 14, செவ்வாய்

ஒலிப்பதிவு தொடங்கியது. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் மாடியில் எட்வினின் ஸ்டூடியோ. கீழே லாரி வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். வதனி எழுதிவந்த தாளைப் பார்த்தேன். மாண்டலினுக்கு நான்கு மாத்திரைக்கு ஒரு ஸ்வரம். முந்தைய மூன்று ஆல்பங்களிலும் பாட்டைத் தொடங்குவது என் மாண்டலின். முடிப்பதும் அதுதான். நடுவில் மழை மாதிரி விடாமல் விழும்.

"இது மாண்டலினா, கோயில் மணியா?"

"மணின்னுதான் நெனச்சு எழுதினேன் ஆன்ட்டி. ஒண்ணு அடிச்சா அது அடங்குற வரைக்கும் மத்தவங்க காத்திருப்பாங்க."

"காத்திருப்பதற்கா ஆல்பம் போடுகிறோம்?"

எட்வின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசினான். "மேடம், கம்பி லூசா இருக்கு. வேகமா அடிச்சா சுருதி ஆடும். மெதுவா போனாத்தான் நிக்கும்."

அது உண்மை. உண்மையை மறுக்க எனக்குத் தெரியாது. மெதுவாகப் போனோம்.

மே 15, புதன்

ஒரு பாட்டு முடிந்தது. கஸ்பார் இருந்திருந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நிமிடம் என்று சொல்லியிருப்பார். எட்வினின் திரையில் தானாகவே தெரிகிறது.

மே 30, வியாழன்

இரண்டாவது, மூன்றாவது பாட்டு. வயலின் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிறது. கிடார் அதன் மேல் விட்டுவிட்டு. பிரகாசி முணுமுணுப்பு மாதிரி கீழே பாடுகிறாள். எங்கள் குழுவின் சத்தம் இது இல்லை. எதுவும் தோன்றவில்லை. சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாதம்.

ஜூன் 8, சனி

ஞானராஜ் போன் செய்தான். பிறகு கூப்பிடச் சொன்னேன்.

ஜூன் 20, வியாழன்

மழை இல்லை. நான்காவது பாட்டு.

ஜூன் 21, வெள்ளி

பாகற்காய் நறுக்கினேன். பலகை சிவப்பானபின் நிறுத்தினேன்.

ஜூலை 6, சனி

பண்பலை வானொலியில் பேட்டி. நால்வரும் ஒரே மேசையில். தொகுப்பாளர் பெண் எங்கள் புதிய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு, "சவுண்டே மாறியிருக்கே மேடம்! பழைய வேகம் இல்ல, ஆனா ஏதோ ஆழமா இருக்கு. எப்படி இந்த மாற்றம்?" என்றாள்.

வதனி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். குழுவைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்வதுதான் முறை.

"எங்கள் முதன்மைக் குரல் இறங்கிவிட்டது. அதனால் நாங்கள் எல்லோரும் இறங்கி வந்திருக்கிறோம். ஆழம் என்று நீங்கள் சொல்வது அதைத்தான்."

பிறகு பிரகாசி, "ஆமாங்க, வயசாச்சுல்லா. அக்கா பெரிய மனசு பண்ணி எறங்கி வந்திருக்காவ" என்று சிரித்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் சுந்தரவல்லி என்னோடு பேசவில்லை. மறைத்துப் பேசுவது என் பழக்கமல்ல. கான்வென்டில் மதர் இம்மாக்குலேட் எங்களுக்கு அப்படிக் கற்பிக்கவில்லை.

ஜூலை 17, புதன்

சுந்தரவல்லி போனில் சொன்னாள். தெற்கே ஒரு கடற்கரை ஊரின் செப்டம்பர் திருவிழாவில் மாதா பாட்டைத் தனியாகப் பாடுவது இருபத்திரண்டு வருடமாகப் பிரகாசிதான். இந்த வருடம் நாகர்கோவிலிலிருந்து வேறு ஒருத்தியை ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

"ரேடியோல கேட்டாங்களாம்க்கா."

"உண்மையைத்தானே சொன்னேன்."

"ஆமா. நீங்க உண்மையைத்தான் சொல்லுவீங்க." வைத்துவிட்டாள்.

பிரகாசிக்கு வருத்தமா என்று கேட்கவில்லை. மாலையில் அவளே வந்தாள், குழம்பு கொண்டுவந்தாள், திருவிழாவைப் பற்றி எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. குழம்பில் புளி கூடுதல்.

ஜூலை 26, வெள்ளி

ஏழாவது பாட்டு முடிந்தது. மிச்சம் ஒன்று. வலை இழுக்கும்போது பாடுகிற பழைய அம்பா, "கொண்டலே கொண்டலே, கரை சொல்லிப் போ." நாங்கள் முதன்முதலில் மேடையில் பாடியது. அடுத்த சனிக்கிழமை.

ஜூலை 28, ஞாயிறு

நான் ஐம்பது வருடமாகக் காலை ஆறரை மணி ஆங்கிலப் பூசைக்குப் போகிறவள். புதிய ரவிக்கைகள் சலவையில். பழையதை உடுத்த நேர்ந்தது. ஐந்து கொக்கிகள். கண்ணாடி முன் நின்று கண்ணால் பார்த்துப் பார்த்து மாட்ட வேண்டியிருந்தது. முடிக்கும்போது ஏழு தாண்டிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒன்பது மணிப் பூசைக்கு, துறைமுகத்துப் பக்கம் இருக்கும் சிற்றாலயத்துக்குப் போனேன். பிரகாசியின் பங்கு. அங்கே நான் போனதில்லை.

கூட்டம். கதவோரம் தூணுக்குப் பின்னால் நின்றேன். பாடற்குழு முன்னால், எனக்கு முதுகு காட்டி. உன்னத கீதம் தொடங்கியது.

அது 'ஏ'. எனக்குச் சுருதிப் பெட்டி தேவையில்லை. பிரகாசியின் குரல் அங்கிருந்து ஏறி மேலே போனது, இன்னும் மேலே, எங்கள் பழைய ஆல்பங்களில் கூடப் போகாத இடத்துக்கு. அங்கே நின்றது. நின்றுவிட்டு இறங்கியது. ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. பக்கத்தில் நின்ற பெண் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "இந்த அக்கா எப்பவும் இப்பிடித்தான்" என்றாள்.

நன்மை அப்பம் வாங்காமல் பூசையின் நடுவிலேயே வெளியே வந்தேன். வெயில். ஆட்டோ கிடைக்கவில்லை, நடந்தேன்.

ஜூலை 29, திங்கள்

தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்து ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தேன். வலது கை சரி. இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் சரி. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றிலும் ஒன்றும் இல்லை. ஊசி நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகத் தெரிந்துகொண்டதுபோல எழுதுகிறேன். புதிதல்ல.

மார்ச் 9 அன்று விரல் பலகையில் இருந்தது என் இரத்தம். அதைத்தான் அவள் துடைத்தாள். அடுத்த சனிக்கிழமை அவள் தொண்டை கெட்டது. அவள் தொண்டை கெட்டதால் என் கம்பி தளர்ந்தது. கம்பி தளர்ந்ததால் எல்லோரும் மெதுவானார்கள். வதனி எழுதிய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஏழு பாட்டிலும் மாண்டலினுக்கு ஓர் இடத்திலும் அந்த மூன்று விரல்கள் தேவைப்படவில்லை. அவ்வளவு கச்சிதமாக எழுதியிருக்கிறாள். கான்வென்டில் இப்படி ஒரு பயிற்சித் தாள் வந்திருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

நால்வரில் மூவருக்குத் தெரியும். எட்வினுக்கும் தெரிந்திருக்கும்.

ஜூலை 30, செவ்வாய்

எட்வின் கொடுத்திருந்த ஏழு பாட்டையும் ஹெட்ஃபோனில் ஒரே மூச்சில் கேட்டேன். மாண்டலின் ஒன்று விழுகிறது. அது அடங்கும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். அதற்குள் பிரகாசி தாழ்ந்த குரலில் வருகிறாள்.

நன்றாக இருக்கிறது. தொந்தரவே அதுதான். நாங்கள் இதுவரை செய்ததில் இதுதான் நல்லது. என்னைத் தாங்கிப் பிடிப்பதற்காகச் செய்தது.

ஜூலை 31, புதன்

ஜனவரி 18 அன்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. டைரியில் அடிப்பதும் திருத்துவதும் கூடாது என்பது பள்ளி விதி. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அன்று மதியம் கஸ்பாரின் கட்டிலருகே உட்கார்ந்து ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டிச் செபமாலை சொன்னேன். செபமாலை வலது கையில் இருந்தது. எனவே அவர் கையை இடது கையால் பிடித்திருந்தேன். கண்களை மூடியிருந்தேன். ஒருமுறை முடித்து இரண்டாவது முறையும் சொன்னேன். நர்ஸ் வந்தாள். அவரைத் தொட்டாள். என்னைப் பார்த்தாள்.

"எப்பம்மா?"

"இப்போதுதான்" என்றேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 3.10 என்று எழுதினாள்.

எப்போது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கை என் கைக்குள்தான் இருந்தது. குளிர்ந்தது எனக்குத் தெரியவில்லை. விரல் மரத்துப்போனது என்று யாரிடமாவது சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். கடந்த நவம்பரிலிருந்து.

ஆகஸ்ட் 3, சனி

ஸ்டூடியோ. கீழே மூன்று லாரிகள். காத்திருந்தோம். வதனி தாளைக் கொடுத்தாள். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"இந்தப் பாட்டு பழைய சுருதியில்" என்றேன். "'ஏ'."

வதனி சுந்தரவல்லியைப் பார்த்தாள். சுந்தரவல்லி தன் கிடாரைப் பார்த்தாள்.

"எனக்கு எட்டாதுக்கா" என்றாள் பிரகாசி.

"ஞாயிற்றுக்கிழமை எட்டியதே."

அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடினாள். மூடியதைத் திறந்து மறுபடி மூடினாள்.

"நீங்க ஆறரை பூசைக்குல்லா போவிய?"

"அன்றைக்குப் போகவில்லை. கொக்கி மாட்ட நேரமாகிவிட்டது."

யாரும் சிரிக்கவில்லை. நான் இடது கையை மேசைமேல் வைத்தேன்.

"இதில் மூன்று விரலுக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நானாகச் சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன். நவம்பரிலிருந்து. அவர் இறந்தபோது இந்தக் கையில்தான்..." வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்று நினைத்தேன். முடிப்பதற்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. "இந்தக் கையில்தான் அவர் கை இருந்தது. எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது."

லாரி கிளம்பிப் போனது. எட்வின் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் பிரகாசி.

"என்ன தெரியும்?"

"உங்க கையையும் அண்ணன் கையையும் பிரிச்சு எடுத்தது நான்தான. அண்ணன் கை ஜில்லுன்னு கெடந்துச்சு. அப்பம் போன கை இல்ல அது. நீங்க விடாமப் பிடிச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருந்திய, சூடு காட்டுற மாதிரி. அன்னைக்கே வெளங்கிட்டு."

நான் தேய்த்தது எனக்கு ஞாபகமில்லை.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டயா? யாரு சொல்லுவா?"

சுந்தரவல்லிதான் முதலில் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நாங்க நாலு மாசமா பயந்துக்கிட்டு கிடந்தோம்க்கா. இவ தொண்டையில கர்ச்சீப்ப வேற சுத்திக்கிட்டு வருவா."

"அது நடிப்புக்கு" என்றாள் பிரகாசி.

"திருவிழாவையும் விட்டாய்."

"விட்டேன். இப்பம் என்ன? பாட்டு இருக்கு, பாடுங்க."

ஏழு பாட்டும் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன். அவற்றில் ஒரு ஸ்வரத்தையும் மாற்றக் கூடாது. எட்டாவது மட்டும் 'ஏ'. கம்பிகளை முறுக்கி ஏற்றினோம். மாண்டலின் நாற்பது வருடம் நின்ற இடத்துக்கு வந்தது. தொட்டுப் பார்த்தேன். ஆணி மாதிரி இருக்கிறது. அழுத்த முடியாது.

"நீங்க என்ன வாசிப்பீங்க ஆன்ட்டி?" என்று வதனி கேட்டாள். பென்சில் கையில் தயாராக.

"எழுத வேண்டாம்."

மாண்டலினில் 'ஏ' என்று ஒரு ஜோடிக் கம்பி உண்டு. பழைய சுருதியில் வைத்தால் அதற்கு இடது கையே வேண்டாம். வெறுமனே தட்டினால் போதும், பாட்டின் ஆதார ஸ்வரம் அதுதான். நாற்பது வருடமாக அதன்மேல் ஓடிக்கொண்டே இருந்ததால் அதைத் தனியாகக் கேட்டதில்லை. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் ஒரு முறை தட்டினேன். ஐந்து சரணம், ஐந்து முறை. பாட்டு முழுவதும் இடது கை மடியில் இருந்தது.

பிரகாசி பாடினாள். நான் தாளம் எண்ணவில்லை.

ஒரே பதிவில் முடிந்தது. எட்வின், "இன்னொரு டேக் போவோமா மேடம்?" என்றான். இரண்டாவது சரணத்தில் கிடார் அரை மாத்திரை முந்தியது. எனக்குக் கேட்டது. வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வானொலி நிலையத்துக்குப் போன் செய்து திருத்தம் சொன்னேன். முதன்மைக் குரல் இறங்கவில்லை, மாண்டலின் வாசிப்பவருக்குக் கை சரியில்லை, ஒலி மாறியதற்குக் காரணம் அதுதான், என் பெயரைச் சொல்லியே ஒலிபரப்பலாம் என்றேன். அந்தப் பெண், "அய்யோ மேடம், அது போனதோட போச்சு, யாரு ஞாபகம் வச்சிருக்கா" என்றாள். ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றேன். பார்க்கலாம் என்றாள்.

திருவிழாக் கமிட்டிக்குக் கடிதம் எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பினேன். மாலையில் தலைவர் போனில் கூப்பிட்டார். வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்றாம், அடுத்த வருடம் நிச்சயம் என்றார். பிரகாசியிடம் சொன்னேன்.

"அடுத்த வருசம் எனக்குத் தொண்டை நல்லாயிரும்" என்றாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நரம்பு மருத்துவர். முன்பே வந்திருக்க வேண்டும் என்றார். ஆமாம் என்றேன். திரும்பி வருமா என்று பிரகாசி கேட்டாள். நான் கேட்கவில்லை. அவர் சொன்னது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 10, சனி

ஆல்பம் உறையின் மாதிரித் தாள் வந்தது. 'மாண்டலின்: ஹில்டா மோத்தா' என்று இருந்தது. 'ஏழு பாடல்களில்' என்று சேர்த்தேன். எட்டாம் பாட்டுக்குக் கீழே 'ஒரு கம்பி' என்று எழுதினேன். வதனிக்குப் போனில் சொன்னேன். "அப்படியேவா ஆன்ட்டி?" என்றாள். அப்படியே.

மாலையில் ஞானராஜை வரச் சொன்னேன். பிரகாசியும் இருந்தாள், என் பழைய ரவிக்கைகளின் கொக்கிகளைப் பிரித்துக்கொண்டு. எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். அவன் உதட்டை அசைத்துப் படித்தான்.

"அம்மா, மணி போடலியே. உங்க குடும்பத்துக் கல்லுல எல்லாம் மணி உண்டுமே? ஆஸ்பத்திரி பேப்பர்ல இருக்கும்லா?"

"இருக்கும்."

"அப்பம் அதைப் போட்டிருவோம். வரிசையில இது மட்டும் தனியாத் தெரியும்."

"தெரியட்டும். தேதிக்குப் பக்கத்தில் பிற்பகல் என்று செதுக்கு. அவ்வளவுதான் தெரியும்."

அவன் பிரகாசியைப் பார்த்தான். அவள் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே தலையாட்டினாள். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து அவன் எழுதிக்கொண்டான். ஐந்தாம் எழுத்தைக் கோணலாகப் போட்டான். கல்லில் நேராக வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.